வெங்கடேஸ்வரன் வீட்டுத் தெற்குச் சுவர்

எங்கள் சந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெள்ளைக்காரன் உண்டு. முன்பெல்லாம் இல்லை. ஹோம்ஸ்டே போர்டு மாட்ட ஆரம்பித்த பிறகு வந்து சேர்ந்தவர்கள். மூலை வீட்டில் ஒரு டச்சுக் கப்பல்காரன் காய்ச்சலில் கிடந்து பிழைத்தானாம். அதற்கடுத்த வீட்டு மாடியில் ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் செய்தாராம். அந்த மாடி கட்டியபோது சிமென்ட் சட்டி தூக்கியவர்கள் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் இன்றைக்கும் உயிரோடு நடமாடுகிறார்கள். பாதிரியாரைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

வெங்கடேஸ்வரன் மாமா வீட்டுக்கு மட்டும் வெள்ளைக்காரன் இல்லை. அவர்களுக்குச் சுவர் இருந்தது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து காயல் பக்கம் இறங்குகிற சந்து இது. இரண்டு பக்கமும் பாதி வீடு, பாதி பண்டகசாலை. காற்று ஒரு பக்கம் வீசினால் சுக்கு மணக்கும், மறுபக்கம் வீசினால் மிளகு தும்மவைக்கும். மாமா வீட்டுக்கு நேர் எதிரே மாடியில் எங்கள் வீடு. தையல் மிஷினை ஜன்னலோரமாகப் போட்டிருப்பது வெளிச்சத்துக்காகத்தான். வெளிச்சம் வருகிற பக்கம் மாமா வீட்டு வாசலும் இருந்தால் அதற்கு நான் என்ன செய்யமுடியும்?

அந்த வீட்டின் பின்கட்டில் காயலைப் பார்த்த ஒரு பெரிய அறைதான் பூஜையறை. மழை பிடித்து ஊறி, நடுவில் இரண்டு நாள் வெயில் எட்டிப் பார்த்தால், அந்த அறையின் தெற்குச் சுவரில் வெள்ளை வெளேரென்று பூக்கும். பஞ்சு போல, சாம்பல் போல. மாமாவின் அப்பா வெங்கிடராமன், ஒரு ராவுத்தரிடமிருந்து இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த முதல் மழையிலேயே அது பூத்ததாம். துலுக்கர் வீட்டை வாங்கிவிட்டான் என்று பாலக்காட்டுச் சொந்தக்காரர்கள் அதுவரை இந்த வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. சுவரில் விபூதி பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் பஸ் பிடித்து வந்தார்கள். தண்ணீரென்ன, பாயசமே குடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு கெத்து.

மற்ற விபூதி நெற்றியில் இட்டால் காய்ந்து உதிரும். இந்த விபூதி கொஞ்ச நேரத்தில் ஈரமாகிக் கண்ணை நோக்கி வழியும். கேட்டால் மாமா சொல்வார்: "மனசு உருகறதாக்கும். உருகாத மனசுக்கு இது ஒட்டவே ஒட்டாது." இதற்குப் பயந்தே நாங்கள் யாரும் துடைத்துக்கொண்டதில்லை.

மழைக்காலத்தில் திங்கட்கிழமை காலை சீதாலக்ஷ்மி மாமி மயிலிறகால் சுவரைத் தடவி, உதிர்வதை வெள்ளிக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வருவாள். காய்ச்சல் பிள்ளைகள், பரீட்சைப் பிள்ளைகள், ராத்திரி உளறுகிற புருஷன்மார் எல்லாரும் காத்திருப்பார்கள். மாமி சாதாரணமாக வாய் திறந்து பேசமாட்டாள். பாட்டுத் தெரியாது. மாமா சத்தம்போட்டால் அடுக்களைக்குள் போய்விடுவாள். ஆனால் திங்கட்கிழமை அந்த வாசலில் அவள் முதுகு நிமிர்ந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், அதட்டுவாள், "நேத்து கப்பையும் மீனும் தின்னுட்டு வந்திருக்கியா, எட்டி நில்லு" என்பாள். வாரத்தில் ஒரு காலை அவளுக்கென்று இருந்தது.

அதற்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

மாமாவின் பையன் சங்கர்ராமுக்குத் தேவரா பக்கம் வேலை. அவன் பெண்டாட்டி விஷ்ணுப்ரியா கெட்டிக்காரி. தமிழ் பேசுவாள், எழுதுவதெல்லாம் மலையாளத்தில்தான். இரண்டு பேரும் சேர்ந்து கீழ்த்தளத்தை ஹோம்ஸ்டேயாக்குவது என்று தீர்மானித்தார்கள். காயல் தெரிகிற ஒரே அறை பூஜையறை. அதற்கு ஒரு பாத்ரூம் சேர்க்கவேண்டும். சேர்க்கவேண்டுமென்றால் தெற்குச் சுவரை உடைக்கவேண்டும்.

"உடைக்கறதா! அந்தச் சுவத்தையா! என் தலையை உடைச்சுட்டு அப்புறம் சுவத்துக்கு வா," என்று மாமா போட்ட சத்தத்தில் என் மிஷினில் நூல் அறுந்தது.

"அப்பா, பாத்ரூம் இல்லாம யாரு வந்து தங்குவா? கெஸ்டு என்ன, சொம்பைத் தூக்கிண்டு காயலுக்குப் போவானா?"

"போட்டுமே. எங்க அப்பா போயிருக்கார்."

 அன்று மாமி சாம்பாரில் புளி போட மறந்தாள் என்று விஷ்ணுப்ரியா பிறகு என்னிடம் சொன்னாள்.

விஷ்ணுப்ரியா மாமனாரோடு சண்டை போடவில்லை. அவள் வழி வேறு. "சேச்சி, இந்த வீட்டுக்கு ஒரு சரித்திரம் வேணும்," என்றாள் என்னிடம். "அப்பாகிட்ட கேட்டா ராவுத்தர்ங்கறார், அதுக்கு முன்னாடி தெரியாதுங்கறார். அந்த ராவுத்தர் யாரு, எங்க போனாருன்னு யாருக்கும் தெரியலை. நல்ல ஒரு கதை கிடைச்சா அப்பாவே சம்மதிச்சுடுவார்."

யூதர்கள் இருந்த ஜூ டவுனில் பழைய சாமான் விற்கிறவர்களிடம் விசாரிக்கலாம் என்று அவள் கிளம்பியபோது எனக்கும் அங்கே வேலை இருந்தது. நூல் வாங்கவேண்டும். ஜூ டவுனில் நூல் கிடைக்காது என்பது அங்கே போன பிறகு ஞாபகம் வந்தது.

நாலைந்து கடைகளில் எங்களை வாங்க வந்தவர்கள் என்று நினைத்து உட்காரவைத்தார்கள். இல்லையென்று தெரிந்ததும் எழுப்பிவிட்டார்கள். பழைய கதவும் ஜன்னலும் விற்கிற கடையில் ஷபானா என்று ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். விஷ்ணுப்ரியா சந்தின் அடையாளம் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"வாசல்ல கருங்கல் படி மூணு, நடுப்படி மட்டும் கொஞ்சம் சரிஞ்சிருக்கும். அந்த வீடா?"

"அதே வீடுதான்."

"எங்க உம்மா பொறந்த வீடாக்கும் அது! உம்மாவோட அத்தா, எங்க தாத்தா, வித்துட்டுப் போனது. நான் வாசல் வரைக்கும் எத்தனை தடவை வந்திருக்கேன் தெரியுமா? உள்ள வரத்தான் வெக்கம். வித்த வீட்டுக்குள்ள எந்த மொகத்தை வச்சிக்கிட்டு வர்றது?"

இப்படிக் கண்ணெதிரே நிற்கிற சரித்திரத்தை விடலாமா? கையோடு கூட்டிக்கொண்டு வந்தோம்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. காலைப் பூஜை முடிந்து மாமா நெற்றி நிறைய விபூதியோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். மாமி காபி கொடுத்தாள். ஷபானா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டைச் சுற்றினாள். முன்னறைக்குள் நுழைந்ததும் குரல் தாழ்ந்தது. "உம்மா பொறந்த அறை இதாக்கும்." கிணற்றடிக்குப் போனாள். பலாமரத்தின் கீழ் பாதி புதைந்த கல்லைக் காலால் தொட்டாள். "தொழுகைக்கு முன்னாடி ஒளு எடுக்கிற தொட்டி இங்கதான் இருந்துச்சுன்னு உம்மா சொல்லும். கை காலெல்லாம் இங்கதான் கழுவுவாங்களாம்." நாங்கள் அவள் பின்னாலேயே அலைந்தோம். ஐம்பது அறுபது வருஷமாகத் துணி காயப்போட்ட இடத்தையெல்லாம் மாமியே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பூஜையறை வாசலில் ஷபானா தயங்கினாள். "நான் வரலாமா மாமி?"

"வாங்கோ, வாங்கோ. உங்காத்துக்குள்ள வரதுக்கு என்ன கேள்வி."

உள்ளே வந்தவள் மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். பிறகு சிரித்துவிட்டாள், கள்ளமில்லாமல், குழந்தை மாதிரி.

"அப்ப இதாக்கும் பண்டகசாலை! உணக்கச் செம்மீன் மாமி, காஞ்ச இறால். கூரை முட்ட மூட்டை அடுக்கியிருக்குமாம். இங்கிருந்து ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போகுமாம். உப்புப் போட்டு உணக்கினது அல்லவா, அந்த உப்பையெல்லாம் சுவரு குடிச்சு வச்சிருக்கு. பாருங்க, இப்பவும் துப்பிக்கிட்டிருக்கு!"

சுவரில் பூத்திருந்ததை விரலால் வழித்துக் காட்டினாள்.

 அப்போதுதான் அவள் மயிலிறகைப் பார்த்தாள். வெள்ளிக் கிண்ணத்தைப் பார்த்தாள். கடைசியாக மாமாவின் நெற்றியைப் பார்த்தாள்.

மாமாவின் நெற்றியில் மனசு உருகி மூக்கு வரை வந்திருந்தது.

"நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்றாள் ஷபானா. மாமா எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்ட சத்தம் கேட்டது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கீரை விற்க வந்த ஆவுடையம்மாளிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் சாயாக்கடையில் மாமா வீட்டுக்குச் 'செம்மீன் கோவில்' என்று பேர் வைத்திருந்தார்கள். ஆவுடையம்மாளின் வாய் அப்படி.

மாமா சாப்பாட்டில் கைவைக்க மறுத்தார். மோர் மட்டும். "அப்பா கடைசி வரைக்கும் வேற விபூதி இட்டுண்டதில்லை," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "மயானத்துக்குக் கொண்டுபோறச்சேகூட இதைத்தான் உடம்பு பூரா பூசி அனுப்பினோம். செம்மீன் உப்பைப் பூசி அனுப்பியிருக்கோம் சீதே! மேலே போய் என்ன பதில் சொல்லியிருப்பார்? பாலக்காட்டுக்காராளுக்கு இது தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? அவா குடிச்ச பாயசம் குடிச்சதுதானே," என்றாள் மாமி.

"உடைச்சுடுங்கோடா! இடிச்சுத் தரைமட்டமாக்குங்கோ. நாளைக்கே ஆளைக் கூப்பிடு."

சங்கர்ராமுக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன? ஆவுடையம்மாளின் புருஷன் இசக்கிமுத்து கொத்தனார்; திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். சம்மட்டியும் உளியுமாக வந்தான். சுவருக்கு முன்னால் போய் நின்றான். சம்மட்டியைக் கீழே வைத்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினான்.

"என்னால முடியாது சாமி."

"ஏன்? கூலியா?" என்றான் சங்கர்ராம்.

"கூலி கெடக்கு. எம் மவளுக்கு மஞ்சக்காமாலை வந்து கண்ணு ரெண்டும் சொருவிக் கெடக்கையில, மாமி இந்தச் செவுத்துத் துன்னூறுதான் பூசி விட்டாவ. புள்ள இன்னிக்கு நர்சுக்குப் படிக்கா. நான் இதுல சம்மட்டி போடவா?"

"ஆஸ்பத்திரியிலயும்தானே காட்டினே? அது விபூதி இல்லை இசக்கிமுத்து. செம்மீன் உப்பு. ஒம் பொண்டாட்டிதான் ஊரெல்லாம் சொல்றாளே."

"இருந்துட்டுப் போவட்டும். எங்க ஊர்ச் சாமி கருவாட்டுக் கொழம்புதான் கேக்கும். அதுக்காவ சாமியக் கோவில விட்டு எறக்கிருவோமா?"

மாமாவுக்கு இந்த ஆறுதல் வேலை செய்யவில்லை. காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சங்கர்ராம் கோபத்தோடு போனில் வேறு ஆள் தேடினான். செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்று தோப்பும்படியிலிருந்து வங்காளிப் பையன்கள் ஒப்புக்கொண்டார்கள். இந்தச் சுவரின் மகிமை அவர்களுக்குத் தெரியாது. அதுதான் வசதி.

செவ்வாய்க்கு முன்னால் ஒரு திங்கள் இருந்தது.

"நாளைக்கு யாருக்கும் குடுக்கப்படாது," என்றார் மாமா ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது ரவிக்கை அளவு எடுக்கப் போயிருந்தேன்.

மாமி தலை நிமிராமல் சொன்னாள். "குடுப்பேன்."

"என்னது?"

"செவ்வாய்க்கிழமை நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்கோ. திங்கட்கிழமை என்னோடதாக்கும். இன்னதுன்னு சொல்லிட்டுத்தான் குடுப்பேன். வேணுங்கறவா வாங்கிக்கட்டும். யாரும் வாங்கலேன்னா கிண்ணத்தை அலம்பிக் கமுத்திடறேன்."

இத்தனை வாக்கியங்களை அந்த வீட்டில் அவள் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. 

திங்கட்கிழமை காலையில் வாசலில் அப்படி ஒரு கூட்டம். எந்தக் காய்ச்சல் சீசனிலும் இவ்வளவு பேர் வந்ததில்லை. சாயாக்கடைக்காரர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மாமி கிண்ணத்தோடு படியில் வந்து நின்றாள்.

"இது விபூதி இல்லையாம். அந்தக் காலத்துல செம்மீன் மூட்டை அடுக்கின சுவராம். அந்த உப்பாம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். வேணும்னா இட்டுக்கோங்கோ."

கூட்டம் கால்விரலைப் பார்த்தது. வேடிக்கை பார்க்க வந்த கண்கள் நிறைய இருந்தன. நீட்ட ஒரு நெற்றி இல்லை. சாயாக்கடைக்காரர் வானத்தைப் பார்த்து மழை வலுக்குமா என்று யோசித்தார். நான் முந்தானையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தேன். இசக்கிமுத்து மட்டும் முன்னால் வந்து குனிந்தான். இட்டுக்கொண்டு ஒதுங்கினான். அவனுக்குப் பிறகு யாரும் வரவில்லை. மாமியின் கை கிண்ணத்தோடு அப்படியே நின்றது. அந்தக் கையைப் பார்க்க முடியாமல் எல்லாரும் இன்னும் கொஞ்சம் குனிந்தோம்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஷபானா இறங்கி, ஒரு வயதான அம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கினாள். வெள்ளை முக்காடு, தடித்த கண்ணாடி. சரிந்த நடுப்படியில் மட்டும் பார்க்காமலேயே காலைச் சரியாக வைத்து ஏறினாள்.

"உம்மா," என்றாள் ஷபானா மாமியிடம், மன்னிப்புக் கேட்கிற குரலில். "அன்னைக்கு நடந்ததைச் சொன்னேன். இப்பவே கொண்டுபோன்னு நிக்குது."

உம்மா நேராகப் பூஜையறைக்கு நடந்தாள். மாமி பின்னால் போனாள். எல்லாரும் போனோம்; போகாமல் எப்படி? மூலையில் நாற்காலியில் மாமா, மோர் குடித்துக் குடித்துக் கன்னம் ஒட்டி, பாழ்நெற்றியோடு இருந்தார். உம்மா அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சுவரைத் தடவினாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூடிய கண் திறக்க நேரம் பிடித்தது.

"ஷபானா, இதையா செம்மீன்னு சொன்னே?"

"ஆமா உம்மா, பண்டகசாலைன்னு..."

"போடி பைத்தியக்காரி. செம்மீன் மூட்டையெல்லாம் முன்னறையில. இது எங்க அத்தா தொழுகிற அறையாக்கும். இந்தா, இந்தச் சுவரோரம் கல்தொட்டி. அஞ்சு வேளையும் இங்கதான் ஒளு எடுப்பாரு. காயலோரக் கெணறு, தண்ணி உப்புக் கரிக்கும். கை கழுவி, மொகம் கழுவி, தண்ணி தெறிச்சுத் தெறிச்சு இந்தச் சுவரு குடிச்ச உப்பு. அத்தா இருந்த வரைக்கும் இதுக்குள்ள செருப்பு ஏறினதில்ல."

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். "தொழற இடமா?"

"பின்னே?"

"கேட்டியா சீதே! அப்பவே பூஜையறையாக்கும் இது! என் அப்பா சும்மா வெப்பாரா? அவருக்குத் தெரிஞ்சிருக்கு!" அவர் விறுவிறுவென்று வந்து மாமியின் முன்னால் நெற்றியைக் குனிந்தார். மாமி இட்டாள். மூன்று விரலும் பட்டையாக, இடமிருந்து வலம். "டேய் சங்கர், அந்த வங்காளிகளை வரவேண்டாம்னு சொல்லு. பாத்ரூமை மாடிப்படிக்கு அடியில கட்டு. சீதே, பசிக்கறது. தோசை உண்டா?"

சங்கர்ராம் வாயைத் திறந்தான். "நல்ல கதையாக்கும் இது," என்று விஷ்ணுப்ரியா அவன் கையைக் கிள்ளினாள். அவன் வாய் மூடிக்கொண்டது.

வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. சாயாக்கடைக்காரர் இரண்டு தடவை இட்டுக்கொண்டார். மாமி அதட்டினாள், "வரிசையில வாங்கோ, தள்ளாதேங்கோ. கனகம், நீ என்ன அங்க நின்னுண்டு முந்தானையை முறுக்கிண்டிருக்கே? வா இங்கே." நானும் போய்க் குனிந்தேன்.

உம்மாவை ஆட்டோவில் ஏற்றும்போது குடை பிடித்தது நான்தான். உதவிக்குத்தான் போனேன். அதனால் கேட்கவேண்டியதாயிற்று.

"ஏன் உம்மா," ஷபானா குரலைத் தாழ்த்தினாள், "முன்னறையில நீ பொறந்ததாத்தானே எப்பவும் சொல்லுவே? ஒளு தொட்டி கெணத்தடியில, பலாமரத்துக்குக் கீழன்னுதானே..."

"மிண்டாம, வாய மூடிட்டு இரு."

"அப்ப அது?"

"செம்மீன்தான். நாக்குல வச்சதும் அத்தாவோட சட்டை மணந்துச்சு." கிழவி கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியால் துடைத்தாள். "அந்த மனுசன் மொகத்தைப் பாத்தியா? ஒரு வீட்டை வித்தா முழுசா வித்திரணும். அப்புறம் வந்து, இது எங்க பண்டகசாலை, இது எங்க செம்மீனுன்னு அவங்க நெத்தியில கைவைக்கக் கூடாது. பலாமரத்தை மட்டும் இன்னொரு தடவை பாத்திருக்கலாம். போ, வண்டியை எடுக்கச் சொல்லு."

திரும்பினால் எனக்குப் பின்னால் மாமி நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் ஒரு சின்ன டப்பா. அதை உம்மாவின் மடியில் வைத்தாள்.

"உங்காத்துச் சுவத்துலேந்து உதிர்ந்தது. வெச்சுக்கோங்கோ. அடுத்த தடவை கெணத்தடியில உக்காந்து பேசலாம், பலா பழுத்துடும் அப்போ." டப்பா மூடியை ஒருமுறை அழுத்திவிட்டாள். "கறியில கிறியில போட்டுடாதேங்கோ. உப்பு கொஞ்சம் தூக்கலாக்கும்."

உம்மா மாமியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆட்டோ போய்விட்டது.

உப்பு தூக்கல் என்று மாமிக்கு எப்போது தெரிந்தது? ஷபானா சொன்ன பிறகா, அல்லது கல்யாணமாகி வந்த முதல் மழையிலேயேவா? சமைக்கிற கை, விரலில் ஒட்டியதை நாக்கில் வைக்காமல் இருந்திருக்குமா? கேட்கவேண்டும் என்று வாய் துடித்தது. மாமி அதற்குள் படியேறி, நிமிர்ந்த முதுகோடு, மிச்சக் கூட்டத்தை அதட்டப் போய்விட்டாள்.

கீரை விற்க ஆவுடையம்மாள் வந்தபோது, ஆட்டோவில் என்ன பேசினார்கள் என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். மழைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டேன். என்னைப் பற்றித் தெரிந்தவளாதலால் அவள் நம்பவில்லை.

அன்று தூறலில் குடையை உம்மாவுக்குப் பிடித்துவிட்டு நான் நனைந்தபடிதான் வீட்டுக்கு வந்தேன். நெற்றியிலிருந்து மனசு உருகி, மூக்கோரமாக இறங்கி, மேலுதட்டில் வந்து நின்றது. சந்தில் யாரும் பார்க்கவில்லை. நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தேன்.

தூக்கல்தான்.